வெளிநாட்டில் இருக்கும் நமக்கு ஊரில் ஓட்டு உண்டா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துபாயில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். வாரக் கடைசியில் தெரிந்தவர்களுக்கு வாக்காளர் படிவம் நிரப்பிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. தேர்தல் நெருங்கினால் ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புவதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இது முக்கியமாக இந்தியக் குடிமக்களுக்கானது. மற்ற நாட்டுத் தமிழர்களுக்கும் கீழே ஒரு கேள்வி இருக்கிறது.

நான் வெளிநாட்டில் இருக்கிறேன். எனக்கு ஓட்டு உண்டா, இல்லையா?

உண்டு. கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்து, வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காமல் இருந்தால், 18 வயது முடிந்த யாரும் வாக்காளராகப் பதியலாம்.

இது எப்போதும் இருந்த உரிமை இல்லை. 1950-ம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி ஒரு தொகுதியில் "சாதாரணமாக வசிப்பவர்" மட்டுமே அந்தத் தொகுதியின் பட்டியலில் இருக்கலாம். சவூதியிலும் குவைத்திலும் வருஷக்கணக்காக இருக்கிறவர் ஊரில் வசிப்பவர் ஆகமாட்டார் என்று பெயரை அடித்துவிடுவார்கள். 2010-ல் நாடாளுமன்றம் அந்தச் சட்டத்தைத் திருத்தி 20ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. வேலைக்கோ படிப்புக்கோ வேறு காரணத்துக்கோ வெளிநாடு போயிருந்தாலும், பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியில் வருகிறதோ அங்கே பெயரைச் சேர்க்கலாம் என்பது அதன் சாரம். 2011 பிப்ரவரி 10 முதல் அது நடைமுறைக்கு வந்தது. இரண்டே மாதத்தில், ஏப்ரல் 13 அன்று, தமிழ்நாட்டிலும் கேரளாவிலும் சட்டமன்றத் தேர்தல். அன்றைக்கு எங்கள் அறையில் இருந்த ஒன்பது பேரில் ஒருவருக்குக்கூட இப்படி ஒரு சட்டம் வந்தது தெரியாது.

அப்படியானால் இங்கிருந்தே ஓட்டுப் போடலாமா?

முடியாது. தூதரகத்தில் போட முடியாது, தபாலில் முடியாது, செல்போனிலும் முடியாது. ஊருக்குப் போய், உங்கள் பெயர் இருக்கும் வாக்குச்சாவடியில், அசல் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் போட வேண்டும். "ஆன்லைனில் ஓட்டுப் போடலாம், இந்த லிங்க்கை அழுத்துங்கள்" என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு செய்தி சுற்றிக்கொண்டே இருக்கும். பொய். ஆன்லைனில் செய்யக்கூடியது பதிவு மட்டும்தான்.

இந்த நிபந்தனை எவ்வளவு பெரியது என்பதை 2024-ல் கண்ணால் பார்த்தேன். அந்த வருஷம் மக்களவைத் தேர்தலுக்குத் தமிழ்நாடு முழுவதும் ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை ஓட்டு. சித்திரை முதல் நாளுக்கு வீட்டில் இருக்கலாமே என்று நான் முன்பே கிளம்பிப் போய்விட்டேன். என் நண்பருக்கு 17-ம் தேதி இரவு டிக்கெட். கட்டட வேலையில் மேஸ்திரியாக இருப்பவர். நாற்பத்திரண்டு வயதில் முதல் ஓட்டு. எட்டு மாதம் முன்பே பதிந்து, மூன்று நாள் லீவுக்கு மேனேஜரிடம் நடையாய் நடந்து வாங்கியிருந்தார். 16-ம் தேதி துபாயில் மழை கொட்டியது. 1949-ல் பதிவு வைக்கத் தொடங்கியதிலிருந்து அமீரகத்தில் அப்படி ஒரு மழை பெய்ததில்லை. ஓடுபாதையில் தண்ணீர், விமானங்கள் நின்றுபோயின. அவர் முட்டளவு தண்ணீரில் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தார். விமான நிலையத்தில் இரண்டு இரவு தரையில் படுத்திருந்தார். 19-ம் தேதி மாலை ஆறு மணிக்கு எங்கள் ஊரில் சாவடிக் கதவைச் சாத்தியபோது அவர் அங்கேயேதான் இருந்தார். போனில் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "என் பேரு லிஸ்ட்ல இருந்துச்சா, பாத்தீங்களா?" இருந்தது. பார்த்தேன்.

யாரெல்லாம் பதிய முடியாது?

அமெரிக்கா, கனடா, பிரிட்டன் என்று வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்துவிட்டால் முடியாது. இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஓ.சி.ஐ. அட்டை இருக்கிறதே என்று பலர் கேட்கிறார்கள். அது வந்து போகவும் தங்கவும் உதவும் அட்டை. குடியுரிமை ஆகாது, ஓட்டும் தராது.

கிரீன் கார்டு, சிங்கப்பூர் பி.ஆர்., வளைகுடா நாடுகளின் கோல்டன் விசா எல்லாம் தங்கும் அனுமதிகள்தான். பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்டாக இருக்கும்வரை உங்கள் ஓட்டுரிமையை அவை தொடுவதில்லை.

ஊரில் ஏற்கெனவே என் பெயர் பட்டியலில் இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டால் என்ன?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

முதலில் ஒன்று: கொஞ்ச நாள் வெளியே போனதால் மட்டும் ஊரில் வசிப்பவர் என்ற தகுதி போய்விடாது என்று சட்டமே சொல்கிறது. மகளின் பிரசவத்துக்கு ஆறு மாதம் அமெரிக்கா போன அம்மா, ஒரு புராஜெக்ட்டுக்காக நான்கு மாதம் ஜெர்மனி போன பொறியாளர் இவர்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. வருஷக்கணக்காக வெளியே குடியிருக்கும் நம் கதை வேறு. நாம் சாதாரண வாக்காளராக இருப்பது சரியில்லை. வெளிநாடுவாழ் வாக்காளராக மாற வேண்டும்.

ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருப்பதும் கூடாது. பழைய பதிவை வைத்துக்கொண்டே புதிதாக விண்ணப்பித்து, வேறெங்கும் பெயர் இல்லை என்று கையெழுத்துப் போட்டால் அது பொய் உறுதிமொழி. ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பழைய பெயரை நீக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அதற்குப் படிவம் 7 இருக்கிறது. பழைய வாக்காளர் அட்டையையும் ஒப்படைக்க வேண்டும்.

"சும்மா கிடக்கட்டும்" என்று விட்டவர்களுக்கு 2025 கடைசியில் பெரிய அதிர்ச்சி. தமிழ்நாட்டில் நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், அதாவது எல்லாரும் எஸ்.ஐ.ஆர். என்று சொன்னது, தொடங்கியது. வீடு வீடாகப் படிவம் கொடுத்தார்கள். டிசம்பர் 19 அன்று வந்த வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை. இறந்தவர்களைவிட, முகவரியில் இல்லாதவர், இடம்பெயர்ந்தவர் என்று நீக்கப்பட்டவர்கள்தான் அதிகம். எத்தனை பேர் கத்தாரிலும் மலேசியாவிலும் இருந்துகொண்டு தன் பெயர் போனதை அண்ணன் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்தார்களோ! எனக்கு மட்டும் அந்த வாரத்தில் முப்பது அழைப்புக்கு மேல் வந்தது. வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்தவரை "ஊரில் இல்லை" என்ற ஒரே காரணத்துக்காக நீக்க முடியாது. ஊரில் இல்லாதவர் என்பதுதானே அந்தப் பதிவின் பொருளே. அந்த நிம்மதிக்காகவாவது மாறிக்கொள்ளுங்கள்.

எந்தத் தொகுதியில் பதிவது? நான் சென்னையில் வேலை பார்த்துவிட்டு வந்தேன், பாஸ்போர்ட்டில் தஞ்சாவூர் முகவரி.

தஞ்சாவூர்தான். பாஸ்போர்ட்டில் அச்சாகியிருக்கும் இந்திய முகவரிக்கு எந்தத் தொகுதியோ அதுவே. விருப்பம்போல் தேர்ந்தெடுக்க இடமில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போது, முகவரி இடத்தில் இங்குள்ள ஃபிளாட் முகவரியைக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு பதியப் போனால், இந்திய முகவரி எங்கே என்ற கேள்வி வரும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது ஊர் முகவரியே வரும்படி விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

படிவம் 6ஏ எப்படி நிரப்புவது?

சாதாரண வாக்காளருக்குப் படிவம் 6. நமக்கு 6ஏ. இரண்டையும் குழப்பிக்கொண்டு 6-ஐ நிரப்பி அனுப்பியவர்கள் ஏராளம். கட்டணம் எதுவும் இல்லை. இருநூறு திர்ஹாம் வாங்கிக்கொண்டு நிரப்பிக் கொடுக்கும் டைப்பிங் சென்டர்களையும் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து கொடுக்காதீர்கள், இருபது நிமிட வேலை.

தேர்தல் ஆணையத்தின் வாக்காளர் சேவை இணையதளத்திலோ, அவர்களுடைய ஆப்பிலோ கணக்குத் தொடங்கி, வெளிநாடுவாழ் வாக்காளர் என்ற பகுதிக்குப் போங்கள். ஒரு பாஸ்போர்ட் சைஸ் கலர் படம் வேண்டும். பாஸ்போர்ட்டில் படம் உள்ள பக்கம், முகவரி உள்ள பக்கம், அப்புறம் செல்லத்தக்க விசா உள்ள பக்கம் ஆகியவற்றின் நகல் வேண்டும். இங்குள்ள முகவரியையும், எஸ்.எம்.எஸ். வரக்கூடிய செல்போன் எண்ணையும் கொடுக்க வேண்டும். தபாலில் அனுப்புவதானால் நகல்களில் நீங்களே கையெழுத்திட்டுத் தொகுதியின் வாக்காளர் பதிவு அதிகாரிக்கு அனுப்பலாம். லீவில் ஊரில் இருக்கும்போது நேரில் கொடுப்பதானால் அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பெயர் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். நம் ஊர்ப் பெயர்களில் தகப்பனார் பெயர் முன்னால் வரும், இனிஷியலாக வரும், சில பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் வரும். படிவத்தில் பாஸ்போர்ட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். தமிழில் தானாக வரும் எழுத்துகளையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். "ழ" இருக்க வேண்டிய இடத்தில் "ஸ" வந்து, காளியப்பன் "கலியப்பன்" ஆகி, நான் பார்க்காத கோலம் இல்லை. அனுப்பும் முன் திருத்துவது ஒரு நிமிடம். பட்டியலில் ஏறிய பிறகு என்றால் படிவம் 8.

கடைசி நேரத்தில் அனுப்பாதீர்கள். வேட்புமனு தாக்கல் முடியும் நாளுக்குப் பிறகு பட்டியலில் கை வைக்க மாட்டார்கள். அதற்கு முன் விசாரணைக்கும், யாராவது ஆட்சேபணை சொல்வதற்கும் நாள் வேண்டும். தேர்தல் தேதி அறிவித்த பிறகு ஓடுவதைவிட, இன்றைக்கே பதிந்துவைப்பது நல்லது.

விண்ணப்பித்த பிறகு என்ன நடக்கும்? வீட்டுக்கு யாராவது வருவார்களா?

வருவார்கள். உங்கள் சாவடிக்கென்று வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒருவர் இருப்பார், பி.எல்.ஓ. என்பார்கள். பெரும்பாலும் உள்ளூர் அங்கன்வாடிப் பணியாளரோ பள்ளி ஆசிரியரோதான். பாஸ்போர்ட்டில் உள்ள முகவரிக்கு வந்து, வீட்டில் இருப்பவர்களிடம் விசாரித்து எழுதிக்கொள்வார். வீட்டில் சொந்தக்காரர் யாரும் இல்லையென்றால் ஆவணங்கள் சரிபார்ப்புக்காக இந்தியத் தூதரகத்துக்குப் போகும். அது நாள் பிடிக்கும்.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளில் ஒரு தப்பு நடக்கிறது. எனக்கும் நடந்தது. பி.எல்.ஓ. எங்கள் வாசலுக்கு வந்து, "உங்க மகன் இங்க இருக்காராம்மா?" என்று கேட்டிருக்கிறார். வெளிநாட்டில் இருக்கிறான் என்று சொன்னால் பெயரை அடித்துவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம். "இங்கதான் டீச்சர் இருக்கான், டவுனுக்குப் போயிருக்கான், சாயங்காலம் வந்துருவான்" என்று சொல்லிவிட்டது. விண்ணப்பம் தள்ளுபடி. ஊரில் இருப்பவருக்கு எதற்கு வெளிநாட்டுப் படிவம்? அம்மாவிடம் போனில் பேசியபோது, "நல்லதுக்குத்தானப்பா சொன்னேன்" என்று அழுதேவிட்டது. இரண்டாவது முறை விண்ணப்பித்தபோது முதல் வேலையாக வீட்டுக்குப் போன் போட்டு, யாராவது வந்து கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். நீங்களும் சொல்லி வையுங்கள்.

என் பாஸ்போர்ட் கம்பெனியில் இருக்கிறது. பதிய முடியுமா?

ஆன்லைனில் பதிவதற்கு நகல் போதும். போனில் பழைய ஸ்கேன் இருந்தால், அது இப்போது செல்லும் பாஸ்போர்ட்டுடையதாக இருந்தால் சரி. ஓட்டுப் போட ஊருக்கு வரும்போது அசல் உங்கள் கையில்தானே இருக்கும், அது இல்லாமல் விமானம் ஏற முடியாதே.

வாக்காளர் அட்டை கொடுப்பார்களா?

கொடுக்க மாட்டார்கள். வெளிநாடுவாழ் வாக்காளருக்கு அட்டை கிடையாது, பாஸ்போர்ட்தான் அடையாளம். "பதிந்து ஒரு வருஷமாச்சு, இன்னும் அட்டை வரலை" என்று காத்திருக்காதீர்கள். பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டு நாளில் சாவடியில் எப்படி இருக்கும்?

உங்கள் பெயர் தெருவாரியாக இருக்கும் பக்கங்களில் இருக்காது. அந்தப் பாகத்தின் பட்டியல் முடிகிற இடத்தில் வெளிநாடுவாழ் வாக்காளர் என்று தனிப் பகுதி இருக்கும், அதில் இருக்கும். இது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் சாவடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

2024-ல் நான் போனபோது காலை ஏழே கால். எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர். மேசையில் இருந்த அலுவலர் அட்டை கேட்டார். பாஸ்போர்ட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் தெருப் பக்கத்தை எடுத்து விரலால் தேடினார். அப்பா பெயர், அம்மா பெயர், தம்பி பெயர் இருக்கிறது. நான் இல்லை. "உங்க பேரு இல்லையே சார்" என்றார். பின்னால் நின்ற கட்சி ஏஜெண்டுகள் மூவரும் அவரவர் பிரதியைப் புரட்டி, இல்லை இல்லை என்றார்கள். "கடைசிப் பக்கம் பாருங்க சார்" என்றேன். பார்த்தார். கடைசித் தாளில் ஒரே ஒரு தலைப்பு, அதன் கீழ் இரண்டே பெயர்: என்னுடையது, மழையில் மாட்டிக்கொண்ட நண்பருடையது. அலுவலர் நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இத்தனை தேர்தல் பாத்துட்டேன், இந்தப் பக்கத்துல டிக் அடிக்கிறது இதான் முதல் தடவை" என்றார். ரிஜிஸ்டரில் கையெழுத்து, இடது ஆள்காட்டி விரலில் மை, பொத்தானை அழுத்தியதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் ஏழு வினாடி சின்னம் தெரிந்தது. அவ்வளவுதான். திரும்பி வந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அந்த மை நகத்தில் இருந்தது. ஆபீஸில் பிலிப்பைன்ஸ்காரப் பெண் ஒருவர் அடிபட்டதா என்று கேட்டார்.

விளக்கிச் சொன்னதும் அவருக்கு ஆச்சரியம். அவர்கள் நாட்டில் 2003-லேயே சட்டம் போட்டு, வெளிநாட்டில் இருந்தபடியே ஓட்டுப் போட வழி செய்துவிட்டார்கள். "ஓட்டுப் போடவா ஊருக்குப் போனீங்க?" என்றார். அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

தூதரக ஊழியர்களும் ராணுவத்தினரும் எப்படிப் போடுகிறார்கள்?

அவர்கள் பணி வாக்காளர்கள். இந்திய அரசின் வேலையாக வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும் படையினருக்கும் தபால் ஓட்டு உண்டு. 2016 முதல் வாக்குச்சீட்டை மின்னணு முறையில் அனுப்புகிறார்கள். அவர் பதிவிறக்கி, அச்செடுத்து, குறியிட்டு, தபாலில் திருப்பி அனுப்புவார். போவது இணையத்தில், வருவது தபாலில். படையினர் விரும்பினால் ஊரில் ஒருவரைத் தனக்குப் பதிலாக ஓட்டுப் போட நியமிக்கவும் முடியும்.

வணிகக் கப்பல்களில் வேலை பார்க்கும் மாலுமிகளுக்கு இந்த வசதி இல்லை. தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துப் பையன்கள் எத்தனையோ பேர் ஓட்டு நாளன்று நடுக்கடலில் இருக்கிறார்கள்.

நமக்கும் தபால் ஓட்டு வரும் என்றார்களே, என்ன ஆனது?

வருகிறது வருகிறது என்று பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உச்ச நீதிமன்றத்தில் 2013, 2014-ல் பொதுநல வழக்குகள் வந்தன. தேர்தல் ஆணையம் ஒரு குழு அமைத்தது. 2014 அக்டோபரில் அந்தக் குழு, மின்னணுத் தபால் ஓட்டு, பதிலாள் ஓட்டு இரண்டையும் அனுமதிக்கலாம் என்றது. மத்திய அரசு பதிலாள் ஓட்டை எடுத்துக்கொண்டு 2017 டிசம்பரில் மசோதா கொண்டுவந்தது. 2018 ஆகஸ்ட் 9 அன்று மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறவில்லை. 2019-ல் மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதி ஆனது. 2020 நவம்பரில் தேர்தல் ஆணையம் சட்ட அமைச்சகத்துக்கு எழுதியது: பணி வாக்காளருக்கு இருக்கும் மின்னணுத் தபால் முறையை வெளிநாடுவாழ் வாக்காளருக்கும் தர நாங்கள் தயார், 2021-ல் தமிழ்நாடு, கேரளா, புதுச்சேரி, அசாம், மேற்கு வங்கத் தேர்தல்களிலேயே செய்யலாம் என்று. 2021 தேர்தலும் அது இல்லாமலே முடிந்தது, 2024-ம் முடிந்தது.

என் கருத்தைக் கேட்டால், பதிலாள் ஓட்டு வராமல் போனதில் எனக்கு வருத்தமில்லை. என் ஓட்டை ஊரில் அண்ணனோ மச்சானோ போடுவார். அவர் நான் சொன்ன சின்னத்துக்குத்தான் போட்டார் என்று எப்படித் தெரியும்? அதைவிட, நான் யாருக்குப் போடுகிறேன் என்பதை இன்னொருவரிடம் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு கட்சிக் கிளைச் செயலாளர், தம்பி இன்னொரு கட்சி. வெளிநாட்டில் இருக்கும் மனைவியின் ஓட்டு மாமனார் கையில் என்றால் அது யார் ஓட்டு? ரகசியம் போய்விட்டால் மிச்சம் என்ன இருக்கிறது? தபால் ஓட்டு தாமதமானாலும், அதில் சிக்கல்கள் இருந்தாலும், சீட்டில் குறியிடுவது என் கை. நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

சிக்கல்கள் இல்லாமல் இல்லை. லட்சக்கணக்கான பேருக்குச் சீட்டு அனுப்ப வேண்டும், உறுதிமொழியில் சான்றொப்பம் போட ஆள் வேண்டும். லேபர் கேம்ப்பில் பத்துப் பேர் ஓர் அறையில் இருக்கும்போது, சூப்பர்வைசர் எல்லாச் சீட்டையும் வாங்கிக் குறியிட்டால் யார் தடுப்பது? இதற்கெல்லாம் பதில் தேடத்தான் வேண்டும். தேடுவதற்கு இத்தனை வருஷம் ஆவதுதான் எனக்குத் தாங்கவில்லை.

உண்மையில் எத்தனை பேர் போடுகிறார்கள்?

வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்கள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். 2024-ல் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்திருந்தவர்கள் 1,19,374 பேர். வந்து ஓட்டுப் போட்டவர்கள் 2,958. அதில் கேரளாவில் மட்டும் 2,670. அதற்கு முந்தைய 2019-ல் 99,844 பேர் பதிந்து 25,606 பேர் போட்டார்கள். அதிலும் 25,534 பேர் கேரளாவில். அதாவது தமிழ்நாடு உட்பட மற்ற எல்லா மாநிலங்களும் சேர்ந்து 72 பேர்.

கேரளாக்காரர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும். தேர்தல் வந்தால் அவர்களுடைய கட்சிகளின் வளைகுடா அமைப்புகள் கும்பலாக டிக்கெட் போட்டு "ஓட்டு விமானம்" என்றே ஆள் அனுப்புகின்றன. நம் ஊர்க் கட்சிகளுக்கும் இங்கே அணிகள் இருக்கின்றன. தலைவர் பிறந்தநாளுக்குப் பிரியாணியும் ரத்ததான முகாமும் நடக்கிறது, நல்லது. அந்த முகாமிலேயே ஒரு மேசை போட்டு 6ஏ நிரப்பினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

எப்படியும் தேர்தலுக்கு வர முடியாது. அப்புறம் எதற்குப் பதிய வேண்டும்?

நம்மைக் கணக்கில் எடுக்க வைப்பதற்கு. தபால் ஓட்டு கேட்டு யார் மனுப் போட்டாலும் முதலில் எழும் கேள்வி, எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பதுதான். ஒன்றரைக் கோடியில் ஒன்றேகால் லட்சம்கூட இல்லையென்றால், ஆர்வமில்லாதவர்களுக்கு எதற்கு இத்தனை ஏற்பாடு என்று கேட்பது சுலபம். ஒரு சட்டமன்றத் தொகுதியில் பட்டியலின் கடைசிப் பகுதியில் ஐயாயிரம் பெயர் இருந்தால், வேட்பாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருக்க மாட்டார். இறந்தவர் உடலை ஊருக்குக் கொண்டுவருவதில் ஆகும் தாமதம், ஏஜெண்டிடம் ஏமாந்தவர்கள், சம்பள பாக்கி என்று நம் பிரச்சினைகளை அங்கே பேச ஆள் வேண்டுமென்றால் அந்தப் பக்கம் இரண்டு பெயரோடு இருக்கக் கூடாது.

தவிர, லீவு எப்போது அமையும் என்று யாருக்குத் தெரியும்? தங்கைக் கல்யாணத்துக்குப் போன வாரத்திலேயே தேர்தல் வந்து, பட்டியலில் பெயர் இல்லாமல் வாசலில் நின்று பார்த்தவர்களை எனக்குத் தெரியும்.

வாக்காளராகப் பதிந்தால் என்.ஆர்.ஐ. அந்தஸ்து, வங்கிக் கணக்கு, வருமான வரி பாதிக்குமா?

பாதிக்காது. வருமான வரிச் சட்டம் முக்கியமாக நீங்கள் இந்தியாவில் எத்தனை நாள் தங்கினீர்கள் என்று பார்க்கிறது. வாக்காளர் பட்டியல் வேறு சட்டம், வேறு அலுவலகம்.

நான் சிங்கப்பூர், மலேசியா, இலங்கைக் குடிமகன். எங்களுக்கு?

சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு 2006 பொதுத் தேர்தல் முதல் சில வெளிநாட்டு நகரங்களில் வாக்குச்சாவடி உண்டு. 2023 அதிபர் தேர்தலில் தபால் ஓட்டும் வந்தது. முந்தைய மூன்று ஆண்டுகளில் மொத்தம் 30 நாளாவது சிங்கப்பூரில் இருந்திருக்க வேண்டும், முன்கூட்டியே பதிய வேண்டும். மலேசியர்கள் 2013 பொதுத் தேர்தல் முதல் வெளிநாட்டிலிருந்து தபாலில் போடுகிறார்கள். ஆக, சிராங்கூன் சாலையில் ஒரே கடையில் சாப்பிடும் மூன்று தமிழர்களில் மலேசியர் தபாலில் போட்டுவிடலாம், சிங்கப்பூரர் நடந்துபோய்ப் போடலாம், நம் ஆள் விமானம் ஏற வேண்டும்.

இலங்கைக் குடிமக்களுக்கு வெளிநாட்டிலிருந்து போடும் வழி இல்லை. 2024 செப்டம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலுக்கும் நாட்டுக்குப் போய்த்தான் போட வேண்டியிருந்தது.

வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே திரும்பிவிட்டேன். இப்போது?

வாக்காளர் பதிவு அதிகாரிக்குத் தெரிவியுங்கள், அது உங்கள் கடமை. வெளிநாடுவாழ் பதிவை நீக்கச் சொல்லிவிட்டு, படிவம் 6 கொடுத்துச் சாதாரண வாக்காளராகச் சேருங்கள். அப்போது அட்டையும் கிடைக்கும். பி.எல்.ஓ. வரும்போது நீங்களே வாசலில் இருப்பீர்கள், அம்மா எதுவும் சொல்ல வேண்டியிருக்காது.